புதுச் சுருட்டும் ஆறப்போட்ட சுருட்டும்

ஹவானாச் சுருட்டை உருட்டிய கையோடு பற்றவைப்பதா, பெட்டிக்குள் சில ஆண்டுகள் ஆறப்போட்டு எடுப்பதா என்பதற்குக் கியூபாவில் ஒரு விடையும் லண்டனில் வேறொரு விடையும் நெடுங்காலம் வழங்கிவந்தன. கியூபாக்காரர் மேசையிலிருந்து எடுத்ததை அப்படியே பற்றவைத்தார். லண்டன் கனவான் தன் வணிகரின் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததைத்தான் தொட்டார். புது அரிசியைப் பொங்கலுக்கும் பழைய அரிசியைச் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிவைக்கும் வீடுகளுக்கு இது விளங்காத விஷயமல்ல. ஆனால் அரிசியைப் பழசு, புதுசு என்று பிரித்தது சமையல். சுருட்டைப் பிரித்தது கப்பலும் சுங்கமும். நாக்கு பிறகுதான் வந்து சேர்ந்துகொண்டது.

கதை இலையில் தொடங்குகிறது. கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் டெல் ரியோ மாகாணம். அதற்குள் வுவெல்டா அபாஹோ வட்டாரம். அதிலும் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினெஸ் என்ற இரண்டு ஊர்களைச் சுற்றிய செம்மண். பெயர்பெற்ற ஹவானாச் சுருட்டுகளுக்கான சிறந்த இலை இங்கேதான் விளைகிறது. ஒரே செடியில் அடியிலை, நடுவிலை, நுனியிலை மூன்றும் மூன்று சாதி. அடியில் இருக்கும் வோலாடோ மெலிந்தது, நன்றாக எரியும். நடுவிலுள்ள செகோ மணத்துக்கு. வெயிலை முழுதாக வாங்கும் நுனியிலையான லிஹெரோ தடித்தது, எண்ணெய்ப் பசை உள்ளது, காரம் மிகுந்தது. இந்த மூன்றும் சேர்ந்தது உள்ளிலை. அதைக் கட்டுவதற்கு ஒரு பிடிப்பிலை. வெளியே போர்த்துகிற மேலிலை மட்டும் தனிச் செடியிலிருந்து, துணிப்பந்தலின் நிழலில் வளர்த்து எடுக்கப்படுகிறது. சுருட்டு எவ்வளவு நாள் பொறுக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது அதற்குள் லிஹெரோ எவ்வளவு என்பதுதான்.

பறித்த இலை கொட்டகையில் கழிகளில் தொங்கி, ஏறத்தாழ ஐம்பது நாளில் பச்சை போய்ப் பழுப்பாகிறது. பிறகு அம்பாரமாக அடுக்குகிறார்கள். அம்பாரத்துக்குள் தானாகச் சூடு பிறக்கும். சூடு அளவை மீறினால் பிரித்து, ஆற்றி, மறுபடி அடுக்க வேண்டும். நொதிக்கும் இலையிலிருந்து எழும் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். நரம்பை உரித்துத் தரம் பிரித்தபின் இரண்டாம் அம்பாரம். அது இன்னும் சூடானது, நீண்டது. அதற்குப் பிறகுதான் இலை சிப்பமாகி உறங்கப் போகிறது. வோலாடோவுக்கு மாதக்கணக்கு போதும். லிஹெரோ குறைந்தது இரண்டு ஆண்டு கிடக்க வேண்டும். ஆக, எவ்வளவு புதிய ஹவானாவாக இருந்தாலும் அதன் உள்ளிலை ஏற்கெனவே பழையது. ஆறப்போடுவதா இல்லையா என்ற சர்ச்சை உருட்டியதற்குப் பிந்தைய ஆயுளைப் பற்றியது மட்டுமே. இதைக் கவனிக்காமல் பேசுவதால்தான் பாதி வாதங்கள் வீணாகின்றன.

உருட்டும்போது ஒரு சிறு காரியம் நடக்கிறது. பின்னால் வரும் தொல்லையெல்லாம் அதிலிருந்துதான். காய்ந்த இலை ஒடியும் என்பதால் அதில் ஈரம் ஏற்ற வேண்டியிருக்கிறது. உருட்டுபவர், கியூபாவில் தோர்செடோர் எனப்படுபவர், ஈரப்பதத்தில் துவண்ட மேலிலையைப் பலகைமேல் விரித்து, பிறைபோல வளைந்த கைப்பிடியற்ற கத்தியால் ஓரம் வெட்டி, உள்ளே கட்டிய சுருளின்மேல் சாய்வாகச் சுற்றி, நுனியில் துளி பசை தடவித் தொப்பி வைக்கிறார். இந்த ஈரம் அடங்கியிருந்த நொதித்தலை மறுபடி கிளப்பிவிடுகிறது. அதனால் சுருட்டுகளைக் குளிர்ந்த அறையில், 16 முதல் 18 டிகிரி செல்சியஸில், சில வாரம் வைத்து ஈரம் வடியவிட்டுப் பிறகே பெட்டியில் அடுக்குகிறார்கள். வடிந்தாலும் உள்ளே வேலை முற்றாக நிற்பதில்லை. முதல் சில வாரம் சுருட்டு இனிக்கும். அதற்குப் பிறகு அம்மோனியா வாடை மேலெழுந்து, தொண்டையைப் பிடிக்கிற ஒரு காலம் வருகிறது. இதை நோய்க்காலம் என்றே தொழிலில் சொல்கிறார்கள். சில மாதம், கடுமையான இலையானால் ஓராண்டுக்கு மேலும், அது நீடிக்கும். உருட்டிய மூன்று மாதத்துக்குள் பிடி, இல்லாவிட்டால் ஓராண்டு பொறு என்ற பழைய விதி இப்படிப் பிறந்தது. தொழிற்சாலையிலேயே இருப்பவருக்கு முதல் பாதி பொருந்தும். கடல் கடந்தவருக்கு இரண்டாம் பாதிதான் வாய்க்கும்.

கடல் கடந்த வணிகம் தொடக்கத்தில் சுருட்டு வணிகமாகவே இல்லை. 1717இல் ஸ்பெயின் கியூபாப் புகையிலையை அரசின் ஏகபோகமாக்கியது. விளைவித்தவர்கள் எதிர்த்துக் கலகம் செய்தார்கள். 1723இல் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். இலை செவியா நகரத்து அரசுத் தொழிற்சாலைக்குப் போனது, உருட்டுவது அங்கே. அதாவது ஐரோப்பியர் அப்போது பிடித்தது கியூபா இலையில் செய்த ஸ்பானியச் சுருட்டு, ஏறக்குறையப் புதுச் சுருட்டு. நெபோலியனுக்கு எதிராக ஐபீரியாவில் 1808 முதல் 1814 வரை போரிட்ட பிரிட்டிஷ் படைகள் இந்தப் பழக்கத்தை ஊருக்குக் கொண்டுபோயின. 1817இல் ஏகபோகம் ஒழிந்தது. ஹவானாவிலேயே உருட்டி, பெட்டியிலிட்டு, நேராக அனுப்பும் தொழில் அதற்குப் பிறகு வளர்ந்தது. பார்த்தகாஸ், எச். உப்மன், ஓயோ தெ மோன்தெர்ரே, ரோமியோ இ ஹூலியெத்தா போன்ற பெயர்கள் எல்லாம் அந்த நூற்றாண்டின் நடுவிலும் பிற்பகுதியிலும் பிறந்தவை.

பெட்டியைப் பற்றி ஒரு சொல். செடார் என்று பெயர் சொன்னாலும் அது தேவதாரு இனமல்ல. மகோகனியும் வேம்பும் சேர்ந்த குடும்பத்து மரம். தன் மணத்தைக் கொஞ்சம் சுருட்டுக்குக் கொடுக்கும், ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பித் தரும். ஏற்றுமதிக்கு வசதியான உறையாக வந்த இது, சுருட்டு பக்குவப்படும் கலமாக மாறிப்போனது. மரப்பெட்டிக்குப் பதில் தகரப்பெட்டி வழக்கத்துக்கு வந்திருந்தால் ஆறப்போட்ட ஹவானா என்ற சரக்கே உருவாகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பாய்மரக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடக்க வாரங்கள் பிடித்தன. வந்த சரக்கு சுங்கக் கிடங்கில் இறங்கியது. பிரிட்டனில் புகையிலைமேல் விதித்த வரி கனமானது. கிடங்கை விட்டு வெளியே எடுக்கும்போதுதான் அதைக் கட்ட வேண்டும். ஆகவே விற்கும் நாள்வரை சரக்கைக் கிடங்கிலேயே விட்டுவைப்பதுதான் வணிகருக்கு லாபம். கப்பலில் வாரங்கள், கிடங்கில் மாதங்கள், கடை அலமாரியில் மேலும் மாதங்கள். சுருட்டு வாடிக்கையாளர் கைக்கு வரும்போது நோய்க்காலம் கழிந்துவிட்டிருக்கும். லண்டன்காரர் பழஞ்சுருட்டை விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, பழஞ்சுருட்டைத் தவிர வேறெதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கம். கிடைத்ததை நாக்கு பழகிக்கொண்டது. பழகியதை வணிகர் உயர்ரகம் என்று விலையேற்றினார். கொஞ்சம் அதிகமாகவே காய்ந்த சுருட்டைக்கூட ஆங்கிலேயர் விரும்பியதும், அமெரிக்கர் ஈரம் மிச்சமிருப்பதை விரும்பியதும் இதன் நீட்சி. ஹவானாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தூரம் குறைவு. காதருகே சுருட்டை விரலால் நெருடி, சரசரக்கிறதா என்று கேட்கும் வழக்கமும் காய்ந்த சரக்குக் காலத்தின் மிச்சம். அதனால் மேலிலை கிழியுமே தவிர வேறொன்றும் தெரியவராது.

இதே லண்டனில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் பெயர் தெரிந்த பொருளாக இருந்தது. ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். இருமுனையும் திறந்த சுருட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்ற சொல்லும் தமிழ்ச் ‘சுருட்டு’தான். ஆனால் ஆண்டு குறித்து அடுக்கிவைக்கும் மரியாதை ஹவானாவுக்கே கிடைத்தது.

அந்த மரியாதையை ஒரு கலையாக்கியவர்கள் லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்துக் கடைக்காரர்கள். ராபர்ட் லூயிஸ் கடையில் வின்ஸ்டன் சர்ச்சில் 1900ஆம் ஆண்டு கணக்குத் தொடங்கினார். ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். வாடிக்கையாளர் பெட்டி பெட்டியாக வாங்கி, கடையின் பாதுகாப்பறையிலேயே விட்டுவைத்து, பக்குவம் வந்தபின் எடுத்துப்போகும் ஏற்பாடு இத்தகைய கடைகளில் நிலைத்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மன் குண்டுவீச்சில் டன்ஹில் கடை சிதைந்தபோது, நள்ளிரவுக்கு மேல் சர்ச்சிலுக்குத் தொலைபேசி செய்து அவருடைய சுருட்டுகள் பத்திரம் என்று கடை மேலாளர் தெரிவித்ததாக ஒரு கதை உண்டு. கதை முழுக்க உண்மையோ இல்லையோ, ஒரு பிரதமரின் சுருட்டு இருப்பு அவர் வீட்டில் இல்லாமல் கடையில் இருந்தது என்பது அந்தக் காலத்து வழக்கத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஜெனீவாவில் சீனோ தவிதோஃப் இதையே செய்தார். ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்திய நிலவறையில் ஹவானாவை வைத்து விற்றதுதான் அவர் பெயரை முதலில் ஊரறியச் செய்தது.

இதற்கு நேர்மாறான காட்சி ஹவானாத் தொழிற்சாலைக்குள். உருட்டுபவருக்கு நாளுக்குச் சில சுருட்டு இலவசம். வேலை செய்துகொண்டே பற்றவைப்பார், மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோவார். ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உருட்டும் வழக்கம் 1865 முதல் அங்கே உண்டு. அந்தக் கூடத்தில் புகைந்ததெல்லாம் அன்றைய சுருட்டு. உலகத்துக்குப் பழஞ்சுருட்டு செய்து தந்தவர்கள் பழஞ்சுருட்டைத் தேடிப் போனதே இல்லை. ஈரம் தளும்பும் புதுச் சுருட்டில் இருக்கும் இனிப்பும் காட்டமும் பெட்டியில் ஆறியபின் திரும்பக் கிடைப்பதில்லை என்பது அவர்கள் கட்சி. அதை மறுக்க முடியாது.

1960 செப்டம்பரில் புரட்சி அரசு சுருட்டுத் தொழிற்சாலைகளை நாட்டுடைமையாக்கியது. 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி கியூபாமேல் முழு வணிகத் தடை விதிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அதற்கு முந்தின நாள் மாலை தனக்கு ஆயிரம் பெத்தீ உப்மன் சுருட்டு வேண்டும் என்று பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிங்கரிடம் அவர் கேட்டதையும், காலைக்குள் 1,200 சேர்ந்ததையும் சாலிங்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தடையின் ஒரு விளைவு யாரும் திட்டமிடாதது. தடைக்கு முன் அமெரிக்காவுக்குள் வந்துவிட்ட ஹவானா மட்டுமே அங்கே சட்டப்படி விற்கத்தக்கதாயிற்று. நாள் ஆக ஆக அந்தக் கையிருப்பு பழசானது, விலையும் ஏறியது. பழைமைக்குச் சட்டமே விலை வைத்த வேடிக்கை இது.

கியூபாவை விட்டு வெளியேறிய உற்பத்தியாளர்கள் டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா நாடுகளில் தொழிலை மறுபடி நட்டார்கள். அங்கே வேறொரு முறை வேரூன்றியது. சுருட்டை ஆறப்போடுவது வாங்குபவர் பொறுப்பல்ல, தொழிற்சாலையின் பொறுப்பு. இலையைச் சிப்பத்திலேயே பல ஆண்டு வைத்திருந்து, உருட்டியபின் செடார் அறையில் மாதக்கணக்கில் கிடத்தி, நோய்க்காலம் தாண்டியபிறகே சந்தைக்கு விடுவது. பத்ரோன் நிறுவனத்தின் 1926 வரிசைக்கு ஐந்தாண்டு பழகிய இலை. இப்படி வருபவை கடையில் வாங்கிய அன்றே பிடிக்கத்தக்கவை. இவற்றை மேலும் பத்தாண்டு அடுக்கிவைப்பவர் பெரும்பாலும் மணத்தை இழக்கத்தான் செய்கிறார்.

கியூபாவிலும் இரண்டு வகைக்கும் இடம் உண்டு. 1966இல் ஃபிடல் காஸ்ட்ரோவுக்காகவும் அரசுப் பரிசுகளுக்காகவும் தொடங்கி, 1982இல் சந்தைக்கு வந்த கொஹீபாவின் செகோ, லிஹெரோ இலைகள் பீப்பாயில் மூன்றாம் முறை நொதிக்கவைக்கப்படுகின்றன. அந்த மூன்றாம் நொதித்தல், பெட்டியில் நடக்க வேண்டிய வேலையில் ஒரு பங்கை முன்னதாகவே முடித்துவிடுகிறது. அதனால் கொஹீபா புதிதாகவே மென்மை. ஓயோ தெ மோன்தெர்ரேயின் கலவை இயல்பிலேயே லேசானது. சில ஆண்டில் உச்சம் தொட்டு, பிறகு வெறும் சூடான காற்றாகிவிடும். பார்த்தகாஸ், பொலிவார், ரமோன் அயோனெஸ் மூன்றும் எதிர்த் துருவம். லிஹெரோ ஓங்கிய கலவை. பார்த்தகாஸின் லூசித்தானியா போன்ற பெரிய சுருட்டு முதல் ஓரிரு ஆண்டில் நாக்கைக் குத்தும். ஐந்தாண்டில் வழிக்கு வரும். பதினைந்தில் அதைத் தேடி அலைபவர் உண்டு. எளிய சூத்திரம் ஒன்றைச் சொல்லலாம். புதிதில் காரமாக, ஆனால் கசப்பின்றி, மணம் நிறைந்து இருப்பதை வை. புதிதிலேயே சாதுவாக இருப்பதைப் பிடித்துத் தீர். மோசமாகச் செய்த சுருட்டைக் காலம் நல்லதாக்காது. இறுக்கமாக உருட்டி இழுக்கவராததைப் பத்தாண்டு வைத்தாலும் அது பழைய அடைப்புத்தான்.

பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது? இலையிலுள்ள புரதம் சிதைந்து உண்டாகும் அம்மோனியா பறந்து போகிறது, நிக்கோட்டின் சற்றுக் குறைகிறது, துவர்ப்பு தணிகிறது, வேறுவேறு இலைகளின் எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. கடைசியில் அந்த எண்ணெய்களும் ஆவியாகின்றன. அதன்பின் மிஞ்சுவது மணமற்ற தாள். ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு வேண்டும். வெப்பம் கூடினால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, மேலிலையில் ஊசித்துளை விழும். ஒரு பெட்டியில் தொடங்கினால் அலமாரியே போகும். இதற்காகவே கியூபாவில் இப்போது அனுப்புமுன் சுருட்டை உறையவைக்கிறார்கள். ஐம்பது சுருட்டை மஞ்சள் பட்டு நாடாவால் ஒரே கட்டாகக் கட்டி வழவழப்பான செடார்ப் பெட்டியில் வைத்தது, தாள் ஒட்டிய பெட்டியில் இருபத்தைந்தாக அடுக்கியதைவிட நிதானமாகப் பழகும் என்பது சேகரிப்பவர்களின் அனுபவம். ஆறப்போட்டதால் புகை தீங்கற்றதாகிவிடுவதில்லை. வாயிலும் தொண்டையிலும் சுருட்டு தரும் புற்றுநோய்க்குப் புதுசு, பழசு என்ற பேதம் கிடையாது.

1990களில் அமெரிக்காவில் சுருட்டு மோகம் எழுந்தது. கியூபாவும் உற்பத்தியைத் தாறுமாறாகக் கூட்டியது. பழக்கமில்லாத கைகள் உருட்டின, இலைக்குப் போதிய உறக்கம் கிடைக்கவில்லை. அந்தப் பத்தாண்டின் கடைசி ஆண்டுகளில் வந்த பெட்டிகள் பல இழுக்கவராதவை, கரகரப்பானவை. அப்போதுதான் ஐந்தாண்டு வை, சரியாகிவிடும் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. அது ஆறப்போடும் கலையைப் பற்றிய அறிவுரை அல்ல, கெட்ட சரக்குக்குச் சொன்ன சமாதானம். 2000க்குப் பிறகு இழுப்பைச் சோதிக்கும் கருவிகள் மேசைக்கு வந்தன, இலையும் நேரம் எடுத்துக்கொண்டது, வாங்கிய ஓராண்டுக்குள் பிடிக்கத்தக்க ஹவானா மீண்டும் கிடைக்கலாயிற்று. 2003இல் ஹாங்காங்கில் வெளியான மின் ரோன் நீயின் பெரும் தொகுப்பு நூல், புதுமை, நோய்க்காலம், முதல் முதிர்ச்சி, இரண்டாம் முதிர்ச்சி என்று ஒரு சுருட்டின் ஆயுளையே பகுத்துக் காட்டியது. ஏற்றுமதி செய்யும் ஹபானோஸ் நிறுவனமும் இந்த ஆசையை விற்பனையாக்கிக்கொண்டது. ரிசர்வா என்றால் மூன்றாண்டு இலை, கிரான் ரிசர்வா என்றால் ஐந்தாண்டு இலை. 2010களின் நடுவில், உருட்டியபின் கியூபாவிலேயே ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் பெட்டியில் வைத்திருந்த அன்யெஹாதோஸ் சுருட்டுகளும் வந்தன. லண்டன் கடைக்காரர் நூறாண்டாகச் செய்துவந்ததை ஹவானா தானே செய்யத் தொடங்கியது.

வாங்குபவருக்கு இவ்வளவுக்கும் சாட்சி பெட்டியின் அடிப்பாகம். 1960 வரை அங்கே ஆங்கிலத்தில் ‘மேட் இன் ஹவானா, கியூபா’ என்று இருக்கும்; பிறகு ஸ்பானிய மொழிக்கு மாறியது. முழுக்கக் கையால் செய்தது என்ற வரி 1989இல் சேர்ந்தது. 1985 முதல் தொழிற்சாலையும் தேதியும் சங்கேத எழுத்தில் வந்தன. ‘நிவெலாகூசோ’ என்ற பத்தெழுத்துக் கோவையின் எழுத்துகள் ஒன்று முதல் ஒன்பது வரையும் கடைசி எழுத்து சுழியமுமாக நின்றன. ‘ஓ ஏ எஸ் சி’ என்ற முத்திரையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது 06-97, அதாவது 1997 ஜூன். 2000ஆம் ஆண்டிலிருந்து சங்கேதம் போய், மாதப் பெயரின் மூன்றெழுத்தும் ஆண்டும் வெளிப்படையாகவே குத்தப்படுகின்றன. தெரிந்த வாடிக்கையாளர் மூடியைத் திறப்பதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்.